கறுப்புச் சீட்டும் ஞானபாயும்

பனச்சமூட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஞானபாய் பேருந்திலிருப்பவர்களுக்கு நிறம் கொடுக்கத் தொடங்கிவிடுவார். வண்டி இப்போது கவிழ்ந்தால், தானே எழுந்து நடப்பவர்கள் பச்சை. காத்திருக்கக்கூடியவர்கள் மஞ்சள். உடனே தூக்கவேண்டியவர்கள் சிவப்பு. வெளியே ரப்பர் மரங்களுக்கிடையே மூடுபனி நகரும். உள்ளே தூங்கி வழிபவர்களின் மணிக்கட்டுகளில் நிறச்சீட்டுகள் ஆடுவதுபோல் அவருக்குத் தோன்றும். கறுப்பு என்றால் இனிப் பிழைக்கமாட்டார், கைவிட்டுக் கடந்து போகவேண்டும். அதை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருபத்திரண்டு வருட நர்ஸ். முன்கோபி. கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். வேலை தொடங்குமுன் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கோட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். சில ஞாயிறுகளில் சேலையில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு சபைக்கும் போய்விடும்.

சென்ற வருடப் பேரிடர் ஒத்திகையில், மூச்சு நின்றவனாக நடித்த மாணவனுக்குக் கறுப்புக்குப் பதில் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு, ஸ்ட்ரெச்சர் கேட்டு இரண்டு நிமிடம் அங்கேயே நின்றார். ஒருவருக்கு முப்பது நொடிதான். அந்த இரண்டு நிமிடத்தில், நாலு பேர் தள்ளிக் கிடந்தவள் இரத்தம் போய் இறந்ததாகக் குறித்துக்கொண்டார் ஒத்திகைக்கு மதிப்பெண் போடும் டாக்டர் ஆதித்யன். இந்த வருடமும் தவறினால், வாசலில் நின்று நோயாளிகளைப் பிரிக்கும் வேலை போய்விடும், மருந்து அறைதான்.

"அது வெறும் காயிதமாக்கும் சேச்சி. கெட்டிட்டுப் போவாம நிக்கியது என்னத்துக்கு?" என்றாள் கூட வேலை செய்யும் ஜீனா.

"காயிதந்தான். கெட்டுத கை எனக்க கையாக்கும் மக்கா."

இந்த வருட ஒத்திகை தனுவச்சபுரத்தில், கல்லூரி மைதானம். வெயிலை மேகம் மூடியும் திறந்தும் விளையாடிக்கொண்டிருக்க, மாணவர்கள் சாயம் பூசிக்கொண்டு புல்லில் கிடந்தார்கள். ஏழாவது, அனுமோள் என்ற பெண். கழுத்தில் தொங்கிய அட்டை, மூச்சில்லை என்றது. ஞானபாய் முறைப்படி தாடையை உயர்த்திப் பார்த்தார். அனுமோளின் உதடு துடித்தது.

"செத்தவ சிரிக்கப்பிடாது, கேட்டியா."

எல்லோரையும் காப்பாற்ற நினைப்பது, மிச்சம் கிடப்பவர்களை எண்ணிப் பார்க்க மறுப்பதுதான் என்று வாதிடலாம். வாதம் சரியாகவே இருக்கும். அந்தச் சீட்டுக்குக் கையால் முடிச்சுப் போடுவது வேறு. ஞானபாய் கறுப்புச் சீட்டைக் கட்டினார், எட்டாவது ஆளிடம் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு நொடி என்று டாக்டர் எழுதினார்.

விசில் ஊதியதும் காயம்பட்டவர்களெல்லாம் எழுந்து எலுமிச்சை வெள்ளம் குடிக்க ஓடினார்கள். அனுமோள் எழவில்லை, காற்றில் அசந்து தூங்கிவிட்டிருந்தாள். ஜீனா கூப்பிட்டாள். ஞானபாய் "வாறேன்" என்று சொல்லிவிட்டு முழந்தாளிட்டு, அந்தப் பெண்ணின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினார்.