காலர் வரிசையில் ஒரு தண்ணீர் பாட்டில்

தையல் ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் மைக். கூடம் முழுக்க மிஷின்கள் இரைந்தாலும் கடைசி நாற்காலி வரை அவள் குரல் கேட்கும். நாக்கின் ஓரத்தில் வந்த புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அந்தக் குரல் சருகாகிப் போயிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

"மைக்கக்கா, பேட்டரி போயிடுச்சா?" என்று கேட்டாள் பக்கத்து மிஷின்காரி.

"சார்ஜ்ல போட்டிருக்காங்கடி. ஏறினதும் முதல் திட்டு உனக்குத்தான்."

"வம்பு பேசின வாய், அதான் வந்திருக்கு" என்று தெருவில் சிலர் தீர்ப்பெழுதினார்கள். வம்பு பேசுகிறவர்களுக்கெல்லாம் இந்த நோய் வருமென்றால் சட்டமன்றங்கள் எப்போதோ காலியாகியிருக்கும். உடம்பின் உயிரணுக்கள் தறிகெட்டுப் பெருகுவதுதான் நோய். அதில் பாவமும் இல்லை, தண்டனையும் இல்லை.

நோய் போய்விட்டது என்றார் மருத்துவர். அது விட்டுச் சென்ற மிச்சங்கள் போகவில்லை. கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சுட்டுவிட்டதால் வாயில் ஈரமே இல்லை. தாடை இறுகி, வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. தாடையை இளக்கும் பயிற்சிக்காகக் காலையில் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே செருகிக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பாள். கணவர் எட்டிப் பார்த்து, "அட, இன்னிக்கு ஒரு குச்சி கூட்டியிருக்கே!" என்பார். பேச முடியாதவள் புருவத்தாலேயே அவரை விரட்டுவாள்.

ஆலையில் பழக்கம் அவளை ஏமாற்றியது. நூல் அறுந்தால் நுனியை உதட்டில் நனைத்து ஊசியில் கோப்பவள் அவள். இப்போது உதட்டில் வைத்த நூல் பிசிறாகவே திரும்பி வந்தது. அடிக்கடி ஒரு மிடறு குடித்தால்தான் நூலும் கோக்கலாம், நாக்கும் அண்ணத்தில் ஒட்டாது. ஆகவே காலடியில் ஒரு பாட்டில் வைத்துக்கொண்டாள்.

மிஷினருகே தண்ணீர் கூடாதென்பது ஆலையின் விதி. துணியில் கறை படுமாம். சூப்பர்வைசர் பாட்டிலை எடுத்துப் போய், எல்லார் பாட்டிலும் இருக்கும் மறுகோடி அலமாரியில் வைத்தார்.

"தாகம் எடுத்தா இங்க வந்து குடிச்சுக்கோ. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"தாகம் இல்ல சார். வாய் ஒட்டிக்குது."

"முடியலைன்னா சொல்லிடும்மா. வேற ஆள் போட்டுக்கறோம்."

அவள் பயமும் அதுதான். இந்த நாற்காலி போனால், இந்த வாயோடும் குரலோடும் இன்னொரு ஆலையில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

மறுநாள் அவர் சொன்னபடியே செய்தாள். வாய் ஒட்டியபோதெல்லாம் எழுந்து அலமாரிக்குப் போனாள். அவள் வேலை சட்டைக்குக் காலர் வைப்பது. அவள் எழுந்தால் அடுத்து சட்டைக்குக் கை தைக்கிறவளுக்கு வேலை வராது. அவளுக்கு வராவிட்டால் பட்டன்காரிக்கும் வராது. முன்னால் இருப்பவளோ தைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் மைக்கின் மேசையில் சட்டைகள் மலையாகக் குவிய, பின்னால் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னம்மா, பழிவாங்கறியா?"

"நீங்க வெச்ச இடத்துலதான சார் போய்க் குடிக்கிறேன்?"

"மூடி போட்ட பாட்டில் சார் அது" என்று பக்கத்து மிஷின்காரி குறுக்கிட்டாள். "மிஷின் கக்கற எண்ணெயை விடவா தண்ணி கறையாக்கிடும்?"

யாரோ சிரித்தார்கள். அவர் தேங்கிக் கிடந்த வரிசையைப் பார்த்தார். மாலையில் சரக்கு போயாக வேண்டும். குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சரி, வெச்சுக்கோ. உனக்கு மட்டும். வெளியில சொல்லாதே."

நாற்காலி தப்பியது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். மைக் உட்காரவில்லை.

"எனக்கு மட்டும்னா வேணாம் சார். விதி எல்லாருக்கும் ஒண்ணுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க?"

அவ்வளவு பேசியதில் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே அலமாரியை நோக்கி நடந்தாள். தனக்கென்று கிடைத்ததையும் தொலைத்துவிட்டோமோ என்று நினைத்தாள். பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. "சும்மாதான உக்காந்திருக்கேன், நானும் ஒரு வாய் குடிச்சுட்டு வரேன்" என்று கை தைக்கிறவள் எழுந்தாள். அடுத்து பட்டன்காரி. பிறகு வரிசையே எழுந்து வந்து அலமாரியைச் சுற்றி நின்றது.

சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, எல்லாரும் வெச்சுக்கோங்க. மூடி போட்ட பாட்டில் மட்டும்! ஒரு சொட்டு சிந்துச்சுன்னா, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லார் வாயிலும் தண்ணீர் இருந்தது.