அமுதா சொன்ன சாவிக் கதை

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, தன் லேப்டாப்புக்குள் இன்னொரு கணினியை இரண்டே நிமிடத்தில் ஓடவிட்டுக் காட்டினாள். "அப்பல்லாம் இதுக்கு நாள் கணக்கா கெர்னல் கம்பைல் பண்ணிக்கிட்டுக் கெடப்போம்" என்று ஆரம்பித்தேன். எப்படிச் செய்தீர்கள் என்று அவள் ஆவலாகக் கேட்டதும் போன் வந்த மாதிரி எழுந்துகொண்டேன். அந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கவே கூடாது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். காரைக்காலில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் நானும் அமுதாவும் ஆசிரியர்கள். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், பெருக்குவது தவிர மற்ற எல்லா வேலையும் எங்களுடையதுதான். கீழே புரோட்டாக் கடை. மதியத்துக்கு மேல் சால்னா வாசனை மாடியேறி வந்துவிடும். இன்றைக்கும் எங்காவது சால்னா கொதித்தால் எனக்குக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுவதுதான் நினைவுக்கு வருகிறது. அமுதா கோட்டுச்சேரிமேட்டுப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். தைக்குள் நல்ல வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

மைய உரிமையாளர் எங்கேயோ படித்துவிட்டு வந்து, ஒரே கணினியில் இரண்டு கணினி ஓடுமாமே, பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள் என்றார். அதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல் என்னும் நிரலை நாமே நமக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான கேள்விகள் வரும்: இது வேண்டுமா, வேண்டாமா, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளத் தனித் துண்டாக வைக்கலாமா என்று. பாதிக்குப் பதில் தெரியாமலே கைக்கு வந்ததைத் தட்டினேன், முகத்தை மட்டும் தெரிந்தவன்போல் வைத்துக்கொண்டு. அந்தப் பதில்களை வைத்துக் கெர்னல் கம்பைல் ஆக, அதாவது கட்டி முடிய, மூன்று மணி நேரம். சூடு தணியக் கணினிப் பெட்டியைத் திறந்துபோட்டு, மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டுக் காத்திருப்போம். முடிந்ததும் கணினியை எழுப்பினால், ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். நான்கு நாளும் இதேதான்.

ஐந்தாம் நாள் அமுதா என் பதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"வீட்டப் பூட்டிட்டு சாவிய உள்ளயே வச்சிருக்கோம்டா."

ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க வேண்டிய டிரைவர் என்னும் நிரலை நான் தனித் துண்டாக்கி அந்த டிஸ்க்கிலேயே போட்டிருந்தேன். அது கிடைத்தால்தான் டிஸ்க் திறக்கும். டிஸ்க் திறந்தால்தான் அது கிடைக்கும். அவள் அதைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்தாள். சாயங்காலம் ஒரு திரையில் இரண்டு கணினிகள் ஓடின. உரிமையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் சென்னைக் கம்பெனி ஒன்று திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜ் ஹாலில் நேர்முகம் வைத்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். என்னை முதலில் கூப்பிட்டார்கள். நீங்களே தீர்த்த சிக்கல் ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். வேறொன்றும் தோன்றவில்லை. சாவிக் கதையைச் சொன்னேன், அவள் வார்த்தையிலேயே, நான் கண்டுபிடித்ததாக. எதிரே இருந்த மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்துப் போன அமுதா சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள்.

"சாவி கதைய உள்ள சொன்னியாடா?"

"சும்மா பொதுவா சொன்னேன்."

"நான் சொன்னதும் சிரிச்சிட்டாங்க. முன்னாடி வந்த பையன்ட்ட கேட்டுட்டு வந்தியாம்மான்னாங்க."

கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. உள்ளே போய், அது அவளுடையது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. தையில் அவளுக்குக் கல்யாணம், பூவத்தில் வாழ்க்கைப்பட்டாள். பத்திரிகை அனுப்பியிருந்தாள். நான் போகவில்லை.

சில வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது அவள் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்பதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் ஆரம்பித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப. டீ போடட்டுமா?"

குரலில் கோபம்கூட இல்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மையம் இருந்த மாடியில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். கெர்னலைக் கட்டிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் அருகிப்போனார்கள். போகட்டும். என்னை 'டா' போட்டுக் கூப்பிட்ட ஒரே சிநேகிதி அவள். அவள் வாயிலிருந்து அந்த 'டா' போனது என்னால்தான்.