எட்டு வீட்டிலும் புகை

சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் நான் சுகாதார நர்ஸாக இருந்தபோது, வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக் கணக்கு எடுக்க வேண்டும். எத்தனை பேர், என்ன வயது, கக்கூஸ் உண்டா, குடிதண்ணீர் எங்கிருந்து என்று எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறும்.

மேட்டு லயம் என்ற தொழிலாளர் குடியிருப்புக்கு நான் முதன்முதலாக நடந்து போனது மூன்றாம் வருடம். மத்தியானம் மூன்று மணி. கண்ணை மறைக்கும் பனி. ஒரே வரிசையில் எட்டு வீடுகள், எட்டிலும் புகை. வாசல்களில் செருப்பு. முதல் வீட்டைத் தட்டினேன். உள்ளே ரேடியோ பேசியது, யாரும் திறக்கவில்லை. அடுத்த இரண்டு வீடும் அப்படித்தான். குனிந்து பார்த்தேன். செருப்புகளில் பாசி படர்ந்திருந்தது.

கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் சட்டியில் தணலோடு வந்தார். பேச்சியம்மாள், கொழுந்து கிள்ளி ரிட்டயர் ஆனவர்.

“தட்டாதீங்க சிஸ்டர். அங்கன யாருமில்ல.”

“அப்ப அடுப்பு?”

“நாந்தான் மூட்டுறேன். ரேடியோவும் நாந்தான் போட்டு வைக்கிறேன். சாவியெல்லாம் எங்கிட்டதான். புகையில்லாத வீட்டுக்குள்ள ஆனை பூந்துருது.”

அவர் வீட்டில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பிரித்தேன். முப்பத்தோரு பேர். ஒவ்வொரு பெயராகப் படித்தேன்.

“முருகேசன்?”

“குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டான்.”

“ஐந்தாம் வீட்டில் தங்கையா என்று ஒருத்தர்?”

“அவர ஆனை அடிச்சிருச்சு.”

அப்போது, அடுப்பு அணைந்துவிட்டதோ என்னவோ, ஐந்தாம் வீட்டுப் பக்கம் தகரம் நெளியும் சத்தம் கேட்டது. பனிக்குள் ஏதோ பெரிதாக மூச்சு விட்டது. பேச்சியம்மாள் கதவைச் சாத்திவிட்டு, “பேரப் படிங்க சிஸ்டர். சத்தமாப் படிங்க!” என்றார்.

நான் இல்லாதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் குரலை மாற்றி, “இந்தா வாரேன்!” என்றார். ஆணாக, கிழவியாக, குழந்தையாக. தங்கையாவுக்கு மட்டும் இருமிக்கொண்டே பதில் வந்தது. உயிரோடு இருந்தபோது அவர் அப்படித்தான் இருமுவாராம்.

பக்கம் முடிந்தபோது வெளியே சத்தம் அடங்கியிருந்தது. ஐந்தாம் வீட்டின் பின்சுவர் சரிந்து கிடந்தது.

“ஆபீஸ்ல சொல்லலையாம்மா?” என்றேன்.

“சொன்னேனே. ‘அங்கதான் முப்பத்தோரு பேரு இருக்கீங்களே, என்ன பயம்’னு கேட்டாங்க.”

அந்த முப்பத்தோரு பேரை எழுதியவள் நான். முந்தைய இரண்டு வருடமும் மேடு ஏறச் சோம்பி, ரோட்டில் நின்று புகையைப் பார்த்துவிட்டு, பழைய பக்கத்தை அப்படியே பார்த்து எழுதியிருந்தேன்.

அன்றே திருத்தி எழுதினேன்: ஏழு வீடு காலி, வசிப்பவர் ஒருவர். தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எனக்கு மெமோ வந்தது. மழைக்கு முன்பே பேச்சியம்மாளுக்கு ரோட்டோரம், ஆள் புழங்கும் லயத்தில் வீடு கிடைத்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. முகம் பார்க்காமல் எண்ணிக்கை எழுதாதீர்கள். காகிதத்தில் நாம் குடிவைக்கிறவர்கள் யாருக்கும் துணைக்கு வரமாட்டார்கள்.