மடித்து வைத்த சாக்கு

அந்தச் சணல் சாக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கார்ஜ் லே கொனெஸ் என்ற பிரெஞ்சுப் புறநகரில், எங்கள் வீட்டுக் கீழறையில், நாலாக மடித்தபடி. இதை ஏன் எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று மகள் பிரெஞ்சில் கேட்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் நானும் கணவரும் நகருக்குள், லா சப்பலில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தட்டு அறையில் இருந்தோம். வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பின்முற்றத்தில் இரண்டு பாய் விரிக்கிற அளவு புல், சுவரோரம் ஒரு பாத்தி. பாத்தியில் அவர் மனைவி நட்ட டேலியா. கோடை முழுக்க அது சிவப்பாய்ப் பூக்க, பின்னேரங்களில் ஐயா அதன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இன்னொரு கதிரை வெறுமையாகக் கிடக்கும்.

இலையுதிர் காலம் வந்ததும் மனுசனுக்குத் தலைக்கு மேல் வேலை. புல்லைக் கடைசித் தடவை வெட்டினார். கறுத்துப்போன டேலியாத் தண்டுகளைத் தரையோடு நறுக்கினார். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு உறைந்துபோகாமல் இருக்க, வாரிய இலைகளைப் பாத்தியில் குவித்து மேலே சாக்கைப் போட்டு மூடினார். நான் அன்று தையல் வேலைக்குப் போயிருந்தேன், அது எதற்கென்று எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் நெஞ்சுவலி என்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் திரும்பி வரும்போது முற்றம் துப்புரவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் சருகு கிடந்தால் வீட்டுப் பெண்ணைத்தான் குறை சொல்வார்கள். அந்தப் பழக்கம் லேசில் விடுமா? ஈரச் சருகுக்குள் பூரான் கிடக்கும் என்று பயந்து பயந்து, பாத்தியில் கிடந்ததெல்லாவற்றையும் வாரிக் கட்டிக் குப்பைக்குப் போட்டேன். சாக்கை அலசிக் காயவைத்து, மடித்து, ஐயா தோட்டச் சாமான் வைக்கும் நிலவறையில் வைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வருடம் குளிர் எலும்பைத் துளைத்தது. ஐயா வீடு திரும்பியபோது முற்றமெல்லாம் பனி. வசந்தம் வந்தது, பாத்தியில் ஒரு முளைகூட வரவில்லை. ஒரு நாள் குந்தியிருந்து விரலால் மண்ணைக் கிளறினார். கிழங்குகள் கூழாகிக் கிடந்தன. எழுந்து நிலவறைக்குப் போய், சாக்கோடு திரும்பி வந்தார்.

"பாரும்மா, மடிச்சது மடிச்சபடியே கிடக்கு. மூடிட்டேன்னுதான் இத்தனை நாளும் நினைச்சுட்டு இருந்தேன். அவ வெச்சதைக்கூட மறந்துட்டேனே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உண்மை வாய் வரை வந்தது. இந்த நாட்டில் தங்குவதற்கான பேப்பர் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை, அந்த அறையை விட்டால் போக்கிடமில்லை. "ஓம் ஐயா, வயசு போனால் அப்பிடித்தான்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர் எங்களைத் துரத்தியிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவர் தன்னை நம்பவில்லை. அடுப்பை அணை, சாவியை எடு என்று துண்டுக் கடதாசிகளில் எழுதிக் கதவில் ஒட்டினார். கதிரைகளை உள்ளே எடுத்து வைத்தார். அடுத்த இலையுதிர் காலத்தில் இலைவாரியையும் சாக்கையும் என் கையில் தந்து, "நீயே பாத்துக்கம்மா, என் தலையை இனி நம்ப முடியாது" என்றார். அந்தக் குளிர்காலம் முடியுமுன்னே போய்ச் சேர்ந்தார். வெட்கக்கேடு, செத்தவீட்டில் என்னைத்தான் எல்லோரும் நல்ல பிள்ளை என்றார்கள்.

இப்போது எனக்கும் அவருடைய வயசு. எங்கள் சின்னப் பாத்தியில் நானும் டேலியா வைத்திருக்கிறேன். குளிர் வருமுன் இலை போட்டு, கடையில் வாங்கிய வேறு சாக்கால் மூடுகிறேன். மூடினேனா என்று மறுநாள் சந்தேகம் வந்து, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஐயாவின் சாக்கை விரிக்க மட்டும் கை வருவதில்லை. அன்று அவர் கண்டபடியே கிடக்கிறது.

நீங்கள் மறக்கவில்லை, ஐயா. மூடித்தான் வைத்திருந்தீர்கள்.