பக்கத்து நட்சத்திரத்தை நம்பினேன்

இரட்டை நட்சத்திரத்தை ஆராய்கிறவனுக்கு, அது மங்கினால்தான் முகம் மலரும். கல்யாண வீடுகளில் “ஆராய்ச்சி இன்னும் முடியலையா?” என்ற விசாரிப்புக்குப் பயந்து கடைசிப் பந்தியில் சாப்பிடும் சக பாவிகளுக்கு இது புரியும்.

கொடுத்ததும் வாங்கியதும்

என் ஜோடி வினோதமானது. ஒன்றையொன்று சுற்றும் இரண்டில், ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது தன் வாயுவையெல்லாம் மற்றதற்கு வாரிக் கொடுத்துவிட்டு இளைத்துக் கிடக்கிறது. ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும். அதை அளப்பதுதான் சிதம்பரத்தில் எனக்கு நாலு வருட உத்தியோகம். பெருமையோடு இதை விவரித்ததும், விடுதி மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுபவர் வாளியைக் கீழே வைத்தார்.

“குடுத்தவன் எளைச்சிட்டான், வாங்குனவன் பெருத்துட்டான். இத பாக்க எதுக்கு சார் டெலஸ்கோப்பு? எங்க பெரியப்பா வூட்டுக்கு வாங்க.”

ஒற்றை அடையாளம்

வெளிச்சத்தைச் சும்மா அளக்க முடியாது. பக்கத்தில் மாறாமல் இருக்கும் நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். அது யோக்கியமானதுதானா என்று பார்க்க இன்னொன்றும் வேண்டும். வேலை ஜாஸ்தி என்று அந்த இன்னொன்றை நான் விட்டுவிட்டேன். இந்தச் சாமர்த்தியத்தைக் கடலூரில் என் தங்கை வீட்டுக்காரரிடம் சொன்னேன். படகுக்காரர். ஜிபிஎஸ் வந்த பிறகும், வலை விட்ட இடத்துக்குக் கரையிலிருந்து கோபுரம் ஒன்று, தண்ணீர் டேங்க் ஒன்று என்று இரண்டு அடையாளம் வைப்பவர்.

“ஒத்த அடையாளத்த வச்சி எவனும் கடல்ல எடம் புடிக்க மாட்டான் மச்சான்.”

புதுமை

படிக்காத மனிதர் என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன். அதற்குள் என் நட்சத்திரம், மறைக்காத நேரத்திலும் மங்கத் தொடங்கியிருந்தது. உலகத்துக்கே புதுமை என்று ஓர் அத்தியாயம் எழுதினேன். ஜூனில் ஆய்வேட்டைக் கொடுத்தால் கல்லூரி வேலை ஒன்று தயார். கூடப் படிக்கும் ரோசி ஒரு மத்தியானம், பொழுது போகாமல், நான் விட்டுவிட்ட அந்த இன்னொரு நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்த்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் அவள் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒன் நட்சத்திரம் ஒழுங்காதாம்ப்பா இருக்கு. நீ நம்புன பக்கத்து நட்சத்திரம்தான் கூடிக் கொறஞ்சி எரியுது. அது கூட எரியறப்ப ஒன்னோடது மங்குன மாதிரி தெரியுது. எல்லாத்தையும் மறுபடி அள.”

ஆறுதல்

வேலை வேறொருவருக்குப் போனது. உண்மையிலேயே அழுதேன். கடலூர் போனபோது மச்சான் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய அவமானம். மீன் குழம்பை என் பக்கம் நகர்த்தினார்.

“எங்களுக்கு அடையாளம் தப்புனா வலையே போயிடும். ஒனக்கு நட்சத்திரம் எல்லாம் அங்கியேதான இருக்கு. சாப்புடு.”

ஆக, சந்தேகப்பட வேண்டியதை நம்பி, நம்ப வேண்டியவரைச் சந்தேகப்பட்டதற்கே எனக்கு ஒரு முனைவர் பட்டம் கொடுத்திருக்கலாம்.