தவளை டீச்சரின் பழைய கார்

நீச்சல் குளத்தில் எல்லோரும் அவளைத் தவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். தவளை நீச்சல் சொல்லிக்கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பட்டப்பெயர் காதில் விழுந்தால் கோபப்படுவாள் என்று பயந்தார்கள். அவளோ மறுநாள் நீச்சல் தொப்பியில் பச்சைத் தவளை ஒன்றை வரைந்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

குளம் ஊருக்கு வெளியே இருந்தது. விடிகாலை வகுப்புக்குப் போக பஸ் கிடையாது. அதனால் ஒரு பழைய ஹைப்ரிட் காரை வாங்கினாள். பெட்ரோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும். சத்தமே இல்லாமல் பூனை மாதிரி நகரும். கொஞ்ச நாள் அக்கம்பக்கத்தாரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் கார் கதவே திறக்கவில்லை. சாவியின் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். ஒரு விளக்குகூட கண் சிமிட்டவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். "டீச்சர், இதுல ரெண்டு பேட்டரி. பெருசு வண்டியை ஓட்டும். பின்னாடி டிக்கியில இருக்கிற சின்னது வண்டியை எழுப்பிவிடும். சின்னது படுத்துட்டா, பெருசுக்கு எவ்வளவு தெம்பு இருந்தாலும் எழுந்திரிக்காது."

"எங்க வீடு மாதிரியே," என்றார் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துபவர் அவர். அவரைக் காலையில் எழுப்புவது அவள் வேலை.

புது பேட்டரி போட்டார்கள். சில நாளில் அதுவும் படுத்தது. மெக்கானிக் காரைத் தன் பட்டறைக்கே கொண்டுபோய் நிறுத்தி வைத்துப் பார்த்தார். அங்கே ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி உயிர் போய்விட்டது.

"என்கிட்ட இருந்தா சமத்தா இருக்கு. உங்க வீட்டு வாசலுக்கு வந்தா மூச்சை நிறுத்திக்குது," என்று கையை விரித்தார் மெக்கானிக். "மறைக்க என்ன இருக்கு, எனக்குப் பிடிபடலை டீச்சர்."

அந்த வாரம் நல்ல மழை. கார் எழும்பாததால், அவள் வந்து திறக்க வேண்டிய குளத்தின் வாசலில் பிள்ளைகள் நனைந்துகொண்டு நின்றார்கள். அவள் யார் யாரையோ கெஞ்சி, ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். குளத்தின் செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா காலை வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்," என்றார்.

"வித்துத் தொலைச்சிடலாம்," என்றார் கணவர் அன்று மாலை.

"தண்ணியில இறக்கினதும் கத்துற பிள்ளையை நான் வீட்டுக்கு அனுப்பிடறேனா? எதுக்குக் கத்துதுன்னு பார்க்க மாட்டேன்? இதையும் பார்த்துடறேன்," என்றாள் அவள்.

நாத்தனாருக்கு போன் போட்டாள். கணவரின் தங்கையான அவள் லிப்ட் பழுது பார்ப்பவள். பழைய கார் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை கருவிப் பையோடு வந்து இறங்கினாள்.

"நான் அப்பவே சொன்னேன் அண்ணி."

"சொன்ன. இப்ப மீட்டரை எடு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். படுத்திருந்த சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினாள். டிக்கியைத் திறந்து வைத்து, அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடியிருப்பதாகக் காரை நம்ப வைத்தாள். பேட்டரியின் ஒயரை, ஓடும் மின்சாரத்தை எண்ணில் காட்டும் மீட்டரால் கவ்வினாள். "நிறுத்தின வண்டி கொஞ்ச நேரத்துல தூங்கணும் அண்ணி. அப்போ மின்சாரம் சொட்டு சொட்டாத்தான் போகணும்."

காத்திருந்தார்கள். எண் இறங்கவே இல்லை. குழாயைத் திறந்து விட்ட மாதிரி மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது.

"ஏதோ ஒண்ணு முழிச்சிருக்கு. ஒவ்வொரு ஃப்யூஸா பிடுங்குவோம்."

டீச்சர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள். நாத்தனார் மீட்டரைப் பார்த்தபடி உதட்டைப் பிதுக்கினாள். வேடிக்கை பார்த்துக் கால் வலித்த கணவர், பிஸ்கட் வாங்கி வருவதாகக் கிளம்பினார். அவர் போய்ச் சற்று நேரத்தில், ரேடியோவின் ஃப்யூஸ் டீச்சரின் கையில் இருக்கும்போது, எண் சரசரவென்று இறங்கியது.

"பிடிச்சாச்சு அண்ணி. ரேடியோதான்."

டீச்சர் சந்தேகத்தோடு அந்த ஃப்யூஸைத் திரும்பச் செருகினாள். எண் ஏறவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரேடியோ இல்லையென்றால் வேறு எது? பேய் பிடித்த வண்டியா?

தெருமுனையில் கணவர் பொட்டலத்தோடு வந்தார். கார் அருகே நின்று, "என்ன, முடிஞ்சுதா?" என்றார். மீட்டரில் எண் குபீரென்று ஏறியது.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க."

"நான் என்ன பண்ணினேன்?"

"சும்மா போங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

எதிர்வீட்டு வாசல் வரை போனார். எண் மெல்ல இறங்கியது. திரும்பி வரச் சொன்னாள். ஏறியது. மறுபடி போகச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

"என்னங்க, சட்டைப் பையில என்ன இருக்கு?"

அவர் பையைத் துழாவி எடுத்துக் காட்டினார். கார் சாவி. காலையில் காரைத் திறந்து கொடுத்துவிட்டு அப்படியே பையில் போட்டிருந்தார்.

நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் வந்தாலே காரோடு பேசும் சாவி அது. அதை வீட்டில் மாட்டி வைக்கும் இடத்தைப் பார்க்க இருவரும் உள்ளே ஓடினார்கள். முன்னறைச் சுவரில் ஓர் ஆணி. அந்தச் சுவருக்கு வெளிப்புறம், உரசாத குறையாகக் கார். ராத்திரி பகலாகச் சாவி அருகிலேயே இருக்க, முதலாளி வந்துவிட்டார் என்று கார் கண் மூடாமல் காத்திருந்திருக்கிறது. பட்டறையில் சாவி தூரத்து மேஜை டிராயரில் கிடந்ததால் அங்கே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

சாவி பின்கட்டு அலமாரிக்குக் குடிபோனது. குளத்தைச் சுத்தம் செய்ய ஒரு வாரம் மூடியபோது, டீச்சர் வேண்டுமென்றே காரைத் தொடவில்லை. மெக்கானிக் தினமும் போன் செய்து, "இன்னும் தொடலையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

குளம் திறக்கும் நாள் காலையில் கைப்பிடியைத் தொட்டாள். கதவு திறந்தது. பொத்தானை அமுக்கினாள். முன்பலகை முழுக்க வெளிச்சம் வந்தது. கணவர் தூக்கக் கலக்கத்தோடு வாசலில் நின்று கைதட்டினார்.

செயலாளரோ பிள்ளைகளோ யாருமே வராத நேரத்தில் குளத்தைத் திறந்தாள். சுத்தம் செய்த தண்ணீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. மற்றவர்கள் வருவதற்குள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தனியாக நீந்திப் போய்த் திரும்பி வந்தாள்.