மார்க்கர் ஒட்டிய மகள்

குழந்தைகளின் நடையைப் பதிவுசெய்து அனிமேஷனாக்குவது என் ஆராய்ச்சி. வேறு குழந்தை கிடைக்காததால் இப்போதுதான் நடை பழகும் என் மகளையே பெஹாலாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் உடம்பில் மார்க்கர் என்னும் சிறு உருண்டைகளை ஒட்டினோம். கேமராக்கள் அவற்றின் மினுக்கத்தை மட்டுமே பார்க்கும். அவளுடைய வெள்ளிக் கொலுசும் மினுங்கி, உடம்பில் இல்லாத மூட்டுகளைத் திரையில் காட்டியது. கழற்றினேன்.

கையைப் பிடித்து நடத்தினேன்.

"திதி, உங்க கை மார்க்கர மறைக்குது, விட்டுடுங்க," என்றாள், என்னை அக்கா என்னும் பொருளில் திதி என்றே கூப்பிடும், உடன் ஆராயும் வங்காளிப் பெண்.

"விழுந்துட்டா?"

"மெத்த விரிச்சிருக்கோமே! பயம் உங்களுக்குத்தான், அவளுக்கில்ல."

விட்டேன். இரண்டு கைகளையும் நீட்டியபடி, குனிந்து அவள் பின்னாலேயே போனேன். அவள் விழவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் கணவருக்கு மாலையில் பதிவை அனுப்பினேன். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி நடந்தன. உடனே ஃபோன் செய்தார்.

"தனியாவே நடக்கிறாளே! நீ எங்க இருந்த?"

"பின்னாலயேதான் இருந்தேன். என்மேல மார்க்கர் இல்ல, அதான் தெரியல."

சிரித்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். நான் சொன்னது குறை சொன்னதுபோல இருந்ததோ என்று யோசித்துக்கொண்டே குழந்தைக்குச் சோறு பிசைந்தேன்.